எடைமேடைக்கு அகப்படாதவை

ஆரம்பாக்கத்தில் எங்கள் எடைமேடை
பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும்.
டிரைவர் இறங்கினாரா இல்லையா, அது சொல்லிவிடும்.
அவர் கையில் என்ன இருந்தது என்பதைச் சொல்லாது.

கடியத்திலிருந்து வரும் நர்சரி லாரியை
வாசனையிலேயே தெரியும்:
டீசல், ஈரச் சாக்கு, அடியில் செம்மண்.
தார்ப்பாய் இடுக்கில்
இலைகள் சென்னையை எட்டிப் பார்க்கும்.

சத்திபாபு சீட்டு வாங்கும்போது கேட்டார்,
“மொக்க காவாலா அம்மா?”
அவருக்கு மொக்க என்றால் செடி.
எனக்கு மொக்கு என்றால் இன்னும் பூக்காதது.
நான் என் அர்த்தத்துக்குத் தலையாட்டினேன்.
அவர் தன் அர்த்தத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

முதல் வருடம் ரோஜா.
எல்லோரும் முதலில் எடுப்பதுதான்.
ஒட்டுக்கட்டின ஆரஞ்சு. கழுத்தில் படத்தோடு வந்தது.
படம் இன்னும் இருக்கிறது.
எங்கள் தண்ணீர் பழவேற்காட்டுக்குச் சொந்தக்காரத் தண்ணீர்,
வாளி விளிம்பில் வெள்ளை வளையம் விடும்.
இலை ஓரம் கருகி, பிறகு நடுவும் கருகி
ஆகஸ்டில் குச்சியானது.
ஒட்டுக்குக் கீழே மட்டும்
காட்டுத் தளிர் ஒன்று கிளம்பியது
முள்ளோடு, கோபத்தோடு.
வெட்டிவிடு என்றார்கள்.
கத்தரிக்கோல் கிடைக்கவில்லை என்று
ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை கண்ணால் வாங்கவில்லை,
வாளியால் வாங்கினேன்.
நாலு மணி வெயில்
எந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறது என்று
ஒரு ஞாயிறு முழுக்க முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.
வேலை இல்லையா என்றார் இவர்.
இதுதான் என்றேன்.

தெருப்பக்கம் காகிதப்பூ வைத்தேன்.
தண்ணீரை மறந்தால்தான் பூக்குமாம்;
மறப்பது எனக்கு நன்றாக வரும்.
மோட்டார் பக்கம் அரளி.
ஜரினாவின் ஆடு முகர்ந்து பார்த்து
பெரிய மனுஷி போல விலகிப் போனது.
அதே ஆடு செம்பருத்தியை
மூன்று முறை முட்டிவரை மொட்டையடித்தது.
மூன்று முறையும் அது
ஒரு கிளைக்கு இரண்டாக எழுந்து வந்தது.
இப்போது தெருவிலேயே அடர்ந்த செடி.
ஆட்டுக்கு நன்றி சொல்லவில்லை.
ஜரினாவுக்குத் தெரிந்தால் கூலி கேட்பாள்.

குரோட்டன்ஸ் நிழலில் சாயம் போனது,
வெயிலில் சுருண்டது.
தொட்டியை இழுத்து இழுத்து
சிமெண்டுத் தரையில் நாலு வட்டங்கள்.
ஐந்தாவது வட்டத்தில் சிவப்பு ஏறியது.

எண்ணெய் டின்னில் பத்துமணிப்பூ.
பத்து மணிக்கு நான் எடைமேடையில் இருப்பேன்;
வீடு திரும்பும்போது அது மூடியிருக்கும்.
ஆறு மாதம் இப்படியே
ஒரே வீட்டில் இரண்டு ஷிப்ட் ஆட்கள் போல.
ஒருநாள் டின்னையே தூக்கிக்கொண்டு போய்
கேபின் ஜன்னலில் வைத்தேன்.
முதலாளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் தன் டீ டம்ளரில் மிச்சத் தண்ணீரை
அதில் ஊற்றிவிட்டுப் போனார்.

மார்கழியில் சத்திபாபு காலி வண்டியோடு திரும்பும்போது
டீக்கு நிறுத்தி, என் வீட்டு வேலியோரம் நின்றார்.
ஆரஞ்சு ரோஜா என்ன ஆனது என்று கேட்கவில்லை.
அந்த முள்செடியைத்தான் பார்த்தார்,
ஐந்தே இதழ், வெளிர் சிவப்பு,
உப்பைக் குடித்துவிட்டு ஆளுயரம் நிற்பதை.
“இது மீது எதைக் கட்டினாலும் நிற்கும்” என்றார்,
பாதி தெலுங்கில், பாதி கையால்.

கத்தரிக்கோல் கிடைத்தது.
பென்சில் கனத்தில் ஆறு குச்சி,
ஈரச் சாக்கில் சுற்றி
அவர் இருக்கைக்குப் பின்னால் வைத்தோம்.

வண்டி மேடையேறியது.
வழக்கமான அதே எண்.
ஒருமுறை இறக்கி ஏற்றச் சொன்னேன்.
அப்போதும் அதே எண்.
சீட்டில் அடித்துக் கொடுத்தேன்:
வெறும் வண்டி.